மாதம் 250 ரூபாய் வாங்கும் பைக் ஸ்டாண்டு பற்றிய புகார்

பெறுநர்:
மேலாளர்,
கல்லூரி வாகன நிறுத்தக் குத்தகை நிறுவனம்,
கோயம்புத்தூர்.

பொருள்: ஸ்டாண்டில் விழுந்து உடைந்த ஸ்கூட்டியின் ரிப்பேர் செலவைக் கோருதல், இடமும் விளக்கும் போதாமை.

ஐயா,

எங்கள் கல்லூரி வளாகத்தில் நீங்கள் நடத்தும் ஸ்டாண்டில் மாத பாஸ் எடுத்து வண்டி விடும் மூன்றாம் ஆண்டு மாணவி நான்.

காலை எட்டரைக்குள் வந்தால் தகரக் கூரைக்கு அடியில் இடம் உண்டு. கால் மணி நேரம் தாமதமானால் பாஸ் இருந்தாலும் வேலியோர மண் தரைதான். அதுவும் நிறைந்துவிட்டால், "வெளிய ரோட்டுல விட்டுக்கங்க அம்மிணி" என்கிறார் உங்கள் ஆள். ரோட்டில் விட்டால் போலீஸ் அபராதம். அப்புறம் எதற்கு பாஸ்? எத்தனை வண்டி கொள்ளும் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பாஸ் விற்கிறீர்களா?

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். முந்தின நாள் நல்ல மழை. லேப் முடிந்து ஆறே முக்காலுக்கு வந்தேன். ஸ்டாண்டில் இருப்பதே இரண்டு விளக்கு. ஒன்று செமஸ்டர் தொடங்கியதிலிருந்தே எரியவில்லை. இன்னொன்றை வேப்பங்கிளை மறைக்கிறது. செல்போன் டார்ச்சை அடித்துத் தேடினால், என் வண்டி இரண்டு பைக்குகளுக்கு அடியில் கிடக்கிறது. இடது கண்ணாடி நொறுங்கி, பிரேக் லீவர் வளைந்து, பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. உங்கள் ஆள் ஆறு மணிக்கே போய்விட்டார். அந்த இருட்டில் தனியாக நின்று, ஹாஸ்டல் பையன்கள் இருவர் வந்து தூக்கிவிடும் வரை காத்திருந்தேன்.

காலையில் நான் போட்டது சென்டர் ஸ்டாண்டு. சாயங்காலம் பார்த்தபோது சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தது. ஈர மண்ணில் அது புதைந்த குழி ஒரு விரல் ஆழம். அதாவது யாரோ வண்டியை நகர்த்தியிருக்கிறார்கள். "ஹேண்டில் லாக் போடாதீங்க, நகத்த வேண்டியிருக்கும்" என்று தினமும் சொல்வதும் உங்கள் ஆள்தான்.

மறுநாள் கேட்டதற்கு, 'வாகனங்கள் உரிமையாளர் பொறுப்பில்' என்ற நீலப் பலகையைக் காட்டினார். டெல்லி ஓட்டல் ஒன்றில் ஊழியரிடம் ஒப்படைத்த கார் திருடுபோன வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உரிமையாளர் பொறுப்பு என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டால் தங்கள் அலட்சியத்துக்கான பொறுப்பிலிருந்து ஓட்டல் தப்ப முடியாது என்பதே அதன் சாரம். அங்கே சாவியையே கொடுத்திருந்தார்கள், சரி. நான் சாவி கொடுக்கவில்லை. ஆனால் உங்கள் ஆள் சொல்லித்தானே பூட்டாமல் விட்டேன்?

மெக்கானிக் பில் 1,480 ரூபாய். அதைத் தர வேண்டும். விளக்கு இரண்டும் எரிய வேண்டும், மண் தரையில் சிமெண்டுக் கல் பதிக்க வேண்டும், கடைசி லேப் முடியும் வரை ஆள் இருக்க வேண்டும். இடத்துக்கு மேல் பாஸ் விற்பதை நிறுத்துங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

ஒன்று மட்டும். இதற்காக அந்த ஸ்டாண்டு அண்ணாவை வேலையை விட்டு நிறுத்திவிடாதீர்கள். அத்தனை வண்டிக்கும் அவர் ஒரே ஆள்.

இணைப்பு: பில், மூன்று புகைப்படங்கள், பாஸ் நகல்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு மாணவி