அப்பத்தா அன்று சொன்னது

லாஸ் ஏஞ்சலஸ்
வியாழக்கிழமை இரவு

அன்புள்ள தம்பிக்கு,

நீ தொலைபேசியில் பேசி ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆகிவிட்டன. புது இடத்தில் ஆள் போதவில்லை, ஒரு நாளில் ஒன்பது பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று நீ அனுப்பிய இரண்டு வரிகளைப் படித்தேன். மருமகள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. அவளைக் கேட்டுத் தொந்தரவு செய்யாதே. முப்பது ஆண்டுகள் லத்தீன் அமெரிக்க வழியினரான இதே மக்களுக்கு மனநல வைத்தியம் பார்த்தவள் என்ற உரிமையில், நீ கேட்காமலேயே தொழிலைப் பற்றிச் சிலவற்றை எழுதுகிறேன்.

உன் கட்டுரையில் எல்லா இடத்திலும் இவர்களை, ஆண் பெண் பேதமில்லாத சொல்லாக, 'லத்தீனெக்ஸ்' என்று எழுதியிருந்தாய். அதில் தவறில்லை. ஆனால் என் எதிரே உட்கார்ந்த ஒருவரும் தம்மை அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, அந்தச் சொல்லைத் தமக்கு வைத்துக்கொள்கிறவர்கள் அந்த மக்களிலேயே நூற்றுக்கு மூன்று பேர்தான். வருகிறவர் தம்மை எந்தப் பெயரால் சொல்கிறாரோ அதையே குறிப்பேட்டில் எழுது.

உன் ஸ்பானிஷ் என்னுடையதைவிட நல்லது. அதை நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும் வயதில் மூத்த ஒரு பெண்மணியை நீ 'தூ' என்று அழைத்ததை, நான் உன்னுடன் அங்கே வந்திருந்த அன்று காதாரக் கேட்டேன். 'உஸ்தெத்' என்று சொல், தம்பி. நீ, நீங்கள் என்ற வித்தியாசத்தோடு வளர்ந்த உனக்கு இதை நான் எழுதும்படி ஆகக் கூடாது. இன்னொன்று, பிரெஸ்னோவிலும் மடேராவிலும் வயல் வேலை செய்கிற, மெக்சிகோவின் ஒஹாகா மாநிலத்தவர்களில் பலருக்கு ஸ்பானிஷ் இரண்டாவது மொழி. வீட்டில் பேசுவது மிஸ்தெகோ என்ற அவர்களுடைய பூர்வகுடி மொழி. அவர்கள் உன் கேள்விக்கெல்லாம் 'ஸீ, ஸீ' என்று தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கு. நேரமானாலும் காத்திரு. கூட வந்த பிள்ளையை மட்டும் நடுவில் உட்கார வைக்காதே.

'சுஸ்தோ' என்று ஒருவர் சொன்னால் உனக்கு அகராதி தேவையில்லை. திடுக்கிட்ட ஒரு நொடியில் உயிர் உடம்பை விட்டு விலகிப் போய்விட்டது, அதனால்தான் தூக்கமும் பசியும் போயின என்கிறார்கள்; நம் பக்கத்தில் பயந்த கோளாறு என்போமே, அதற்கு ஒன்றுவிட்ட உறவு. முட்டையால் உடம்பெல்லாம் தடவி, அதைத் தண்ணீரில் உடைத்துப் பார்க்கிறவர்களிடம் போய் வந்தோம் என்றால் முகம் சுளிக்காதே. அப்பத்தா உனக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டதை நான் மருத்துவம் படித்த திமிரில் ஒருமுறை தடுத்தேன். அந்த இரவு நீ தூங்கவே இல்லை. மனநோய்களை வகைப்படுத்துகிற அமெரிக்கக் கையேட்டின், 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில் பண்பாட்டு நேர்காணல் என்று பதினாறு கேள்விகள் சேர்த்தார்கள். இந்தத் துன்பத்தை உங்கள் வீட்டாரிடம் எப்படிச் சொல்வீர்கள் என்ற பொருளில் அதில் ஒரு கேள்வி வருகிறது. மற்றவற்றுக்கு நேரமில்லாத நாளிலும் அதை விட்டுவிடாதே. வீட்டில் அதற்கு என்ன பெயர் என்று தெரியாமல் எழுதுகிற மாத்திரை பெரும்பாலும் அலமாரியிலேயே இருந்துவிடுகிறது.

நீ இப்போது இருக்கிற பிரெஸ்னோ மாவட்டத்தில்தான் மெக்சிகோ வழியினர் சுமார் மூவாயிரம் பேரிடம் எடுத்த ஆய்வு 1998இல் வெளிவந்தது. எல்லை தாண்டி வந்தவர்களைவிட, இங்கேயே பிறந்தவர்களிடம் மனநோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு காணப்பட்டது. வந்தவர்கள் உழைப்பையும் கடனையும் சுமந்து தாங்கிக்கொள்கிறார்கள், பிறந்தவர்கள் உடைந்துபோகிறார்கள் என்று நான் எத்தனையோ கூட்டங்களில் விளக்கியிருக்கிறேன். வந்தவள் நான், பிறந்தவன் நீ என்பது ஒரு கூட்டத்திலும் என் நினைவுக்கு வந்ததில்லை.

பிள்ளையை நடுவில் உட்கார வைக்காதே என்று மறுபடி எழுதுகிறேன், காரணத்தையும் எழுதிவிடுகிறேன். 1994 நவம்பரில், ஆவணமில்லாதவர்களுக்கு அரசு மருத்துவமும் பள்ளியும் இல்லை என்ற 187ஆம் முன்மொழிவு கலிபோர்னியா மாநில வாக்கெடுப்பில் வென்றது. நீதிமன்றம் அதைத் தடுத்தது. எனினும் எங்கள் காத்திருப்பு அறை மாதக்கணக்கில் பாதி காலியாகவே கிடந்தது. அதையும் மீறி வந்தவள் எல் சால்வடோர் போரில் தம்பியைப் பறிகொடுத்த ஒரு தாய். என் ஸ்பானிஷ் அப்போது அரைகுறை. மொழிபெயர்ப்பாளர் அன்று விடுப்பு. பதினொரு வயது மகன் கூட வந்திருந்தான். செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா என்று அம்மாவைக் கேள் என்றேன். கேட்டான். அவள் நீளமாக ஏதோ சொன்னாள். அவன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு, "இல்லையாம்" என்றான். நானும் 'இல்லை' என்று எழுதினேன். மூன்று வாரம் கழித்து எங்கள் சமூகநலப் பணியாளர் ஒருவர் அந்த வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பேசியபோதுதான், அன்று அவள் சொன்னது 'ஆமாம்' என்று தெரிந்தது. அவள் பிழைத்தாள். அந்த மூன்று வாரமும் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய்வந்த பையனை நான் திரும்பப் பார்க்கவே இல்லை.

இதைப் பிறகு பாடமாகவே நடத்தினேன். 2001 ஆகஸ்டில் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை வெளிவந்தது. மனநோயுள்ள ஹிஸ்பானிய, அதாவது ஸ்பானிஷ் மொழி வழி வந்த, குடியேறிகளில் இருபதில் ஒருவர்கூட மனநல வல்லுநரிடம் போவதில்லை என்றது அது. அதை வைத்து நான் பயிற்சி வகுப்பு எடுத்த அதே இலையுதிர்காலத்தில் அப்பத்தாவுக்கு நெஞ்சுப் படபடப்பு வந்தது. அப்பா அந்த வருடம் டெட்ராய்ட்டில். எனக்கு வகுப்பு. பக்கத்து வீட்டு அம்மாள் காரில் கொண்டுபோய் விட, அப்பத்தாவுக்காக மருத்துவரிடம் பேசியவன் நீ. உனக்கும் அப்போது பதினொரு வயது.

மாலையில் வந்து கேட்டேன். "ஒன்றுமில்லை, வாயுவாம்" என்று சொல்லிவிட்டு, நீயும் உன் காலணியைத்தான் பார்த்தாய். நான் பார்த்தேன், தம்பி. பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் போனேன். அடுத்த தை மாதம் அப்பத்தா ஊருக்குப் போனதும், அங்கே நடந்ததும் உனக்குத் தெரியும். அன்று அந்த அறையில் அவர் என்ன சொன்னார் என்று இருபது வருடங்களுக்கு மேலாக நான் உன்னைக் கேட்டதில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்ற பயம்தான்.

இப்போது கேட்கிறேன். நீ தமிழிலும் சொல்லலாம், ஆங்கிலத்திலும் சொல்லலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருப்பேன். பிரெஸ்னோவுக்கு நாலு மணி நேரப் பயணம். என்னால் இன்னும் கார் ஓட்ட முடியும்.

அன்புடன்,
அம்மா