பாப்பாவுக்கு, அந்த கடிகார லேப் விஷயமா

பாப்பா, நேத்து நீ போன்ல கேட்டதுலேருந்து எனக்கு வேற நினைப்பே இல்ல. பெங்களூர் வேலைய விட்டுட்டு அணுக்கடிகாரத்துல பிஎச்டி சேரட்டுமான்னு கேட்ட, பக்கத்துல இருந்த உங்க அத்தை கடிகாரத்துக்குப் போயி யாராச்சும் அஞ்சு வருஷம் படிப்பாங்களான்னு கேட்டுச்சு. போன்ல வச்சு பேசற விஷயம் இல்ல இது, அதான் உக்காந்து டைப் பண்றேன். சேந்துடும்மா. ஏன்னு சொல்றேன்.

முதுநகர் துறைமுகத்துல விசைப்படகுக்கெல்லாம் ஜிபிஎஸ் மாட்டிக் குடுக்கறவன் நான், அந்த பொட்டிக்குள்ள நடக்கறது பூரா நேரம்தான். மேல இருக்கற சேட்டிலைட் ஒவ்வொண்ணும் இப்ப மணி இதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கு, நாலு சேட்டிலைட்டோட மணிய வச்சு படகு எங்க நிக்குதுன்னு கணக்கு வருது. சிக்னல் ஒளி வேகத்துல வர்றதால, அதுல ஒரு மைக்ரோ செகண்ட், அதாவது செகண்டுல பத்து லட்சத்துல ஒரு பங்கு தப்பினாலே 300 மீட்டர் தப்பு, ராத்திரில முகத்துவாரத்துக்குள்ள வர்ற படகுக்கு 300 மீட்டர்னா என்னன்னு உனக்கு நான் சொல்லணுமா.

ஆனா செவ்வாய்க்குப் போற விண்கலத்துக்கு ஜிபிஎஸ் கிடையாது. அதுக்கு நம்ம எக்கோ சவுண்டர் மாதிரிதான் வேலை நடக்குது, எக்கோ கீழ சத்தத்த அனுப்பி அது தரையில பட்டு திரும்பி வர்ற நேரத்த வச்சு ஆழம் சொல்லுதுல்ல, அதே மாதிரி பூமிலேருந்து சிக்னல் போகும், கலம் அத திருப்பி அனுப்பும், போயி வந்த நேரத்த வச்சு தூரத்த இங்க உக்காந்து கணக்கு போட்டு நீ இங்க இருக்கன்னு மறுபடி கலத்துக்கு சொல்வாங்க. மங்கள்யான் 2014 செப்டம்பர் 24 காலைல செவ்வாய சுத்த ஆரம்பிச்சுதே, அப்ப ஒரு பக்கம் சிக்னல் போகவே 12 நிமிஷத்துக்கு மேல. அதனாலதான் இஞ்சின் எப்ப எரியணும் எப்ப நிக்கணும்னு எல்லா உத்தரவையும் முன்கூட்டியே ஏத்தி வச்சுட்டாங்க. அவ்ளோ தூரத்துல அவசரத்துக்கு இங்க கேட்டா பதில் போய் சேரறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்.

கலத்துலயே நல்ல கடிகாரம் இருந்தா பாதி வேலை மிச்சம், பூமிலேருந்து வர்ற சிக்னல கேட்டு அதுவே தன் இடத்த கணக்கு போட்டுக்கும், ஒரே சிக்னல நாலு கலம் கேட்டாலும் நாலும் அதது கணக்க பாத்துக்கும். கஷ்டம் என்னன்னா கலத்துல வைக்கற குவார்ட்ஸ் கடிகாரம் ஆறு வாரத்துல ஒரு மில்லி செகண்ட் வரைக்கும் விலகிடலாம், அது 300 கிலோமீட்டர் தப்பு. இதுக்குத்தான் நாசா 2019 ஜூன்ல பாதரச அயனி, அதாவது மின்னேற்றம் இருக்கற அணு, அத வச்சு ஓடற அணுக்கடிகாரம் ஒண்ண பூமிய சுத்தற சேட்டிலைட்டுல வச்சு அனுப்புனாங்க. அத படிச்சதுலேருந்து எனக்கு அவ்ளோ ஆச்சரியம்மா. குவார்ட்ஸ்தான் மணி அடிக்கும், பாதரச அயனிங்க அது சரியா அடிக்குதான்னு காவல் இருக்கும், குவார்ட்ஸோட அதிர்வ வச்சு அயனிங்கள தட்டுனா சரியான அதிர்வுக்கு மட்டும்தான் அதுங்க எழும்பும், எழும்பறது குறைஞ்சா குவார்ட்ஸ் விலகிடுச்சுன்னு அர்த்தம், உடனே திருத்திடுவாங்க. சாதாரண அணுவ குடுவைக்குள்ள வச்சா சுவத்துல மோதி மோதி அதிர்வு மாறிப்போகும், அயனிக்கு மின்னேற்றம் இருக்கறதால மின்புலத்தாலயே அந்தரத்துல பிடிச்சு வச்சுடறாங்க, சுவத்தையே தொடாது. இத யோசிச்சவங்க மூளைய என்னன்னு சொல்றது! 20 நாளுக்கு மேல ஓடியும் 4 நானோ செகண்டுக்குள்ளதான் விலகல், தூரத்துல பாத்தா ஒண்ணேகால் மீட்டர் கூட இல்ல. 2021ல பரிசோதனைய முடிச்சாங்க.

நம்ம ஊர் கதையும் உனக்குத் தெரியும். நாவிக்னு நம்ம நாட்டுக்கே ஜிபிஎஸ் மாதிரி ஒண்ணு இருக்குல்ல, அதோட முதல் சேட்டிலைட்டுல வெளிநாட்டுலேருந்து வாங்கி வச்ச மூணு ரூபிடியம் அணுக்கடிகாரமும் நின்னு போச்சு, சேட்டிலைட் நல்லா இருந்தும் இடம் சொல்ல முடியாமப் போச்சு. அப்புறம் நம்ம ஆளுங்களே செஞ்ச ரூபிடியம் கடிகாரம் 2023 மே 29 அன்னிக்கு ஸ்ரீஹரிகோட்டாலேருந்து மேல போச்சு. இன்னும் நிறைய பேர் வேணும்மா இந்த வேலைக்கு, அதுல ஒருத்தி நீயா இருந்தா எனக்கு வேற என்ன வேணும்.

சம்பளம் குறையும்னு யோசிக்காத. உன் லோன்ல மிச்சம் இருக்கறத நான் கட்டிக்கறேன், அம்மாகிட்ட பேசிட்டேன், சரின்னுட்டா. அத்தைகிட்டயும் நானே சொல்லிக்கறேன். லேப்புக்கு எப்ப பதில் சொல்லணும், ஹாஸ்டல் தருவாங்களா இல்ல வெளில ரூம் பாக்கணுமா, இத மட்டும் கேட்டு சொல்லு, அட்வான்ஸ் பணம் போட்டு விடறேன்.

அப்பா