ருமேனியாவின் பிரஷோவிலிருந்து சுமதிக்கு

அன்புள்ள சுமதி,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. பிறந்தநாளையும் விட்டுவிட்டேன். திட்டுவதையெல்லாம் சேர்த்து வை, நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். அவருக்கு வேலை இன்னும் ஒரு வருடம் நீள்கிறது. வசந்தா அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு வர முடியாது. நீயே பக்குவமாகச் சொல்லிவிடு, நான் சொன்னால் அழுதுவிடுவாள்.

சரி, எழுத வந்த விஷயம் வேறு. போன மாதம் பிரெஷ்மெர் போனோம், பக்கத்து ஊர்தான். தேவாலயம் பார்க்கப் போனால், எதிரே நிற்பது வட்டமான மதில். சுமார் 12 மீட்டர் உயரம். ஜன்னல் கிடையாது, ஆயுதம் நீட்டவும் கொதிக்கிறதை ஊற்றவும் மேலே துளைகள் மட்டும். நீளமான இருட்டு நடையைக் கடந்து முற்றத்துக்கு வந்து திரும்பிப் பார்த்தேன், சுமதி. மதிலின் உள்பக்கம் முழுக்கக் கதவுகள்! நான்கு அடுக்கு வரை அறைகள், மரப்படிகள், தாழ்வாரங்கள். 270 அறைகளுக்கு மேல். குடும்பத்துக்கு ஓர் அறை, கதவில் எண். எதிரி வருகிறான் என்றால் ஊரே தானியத்தோடும் குழந்தைகளோடும் உள்ளே வந்துவிடும். பள்ளிக்கூட அறைகூட ஒன்று இருக்கிறது. முற்றுகை நடக்கும்போதும் பாடம்! பெரிய டீச்சரிடம் மறக்காமல் சொல்.

யார் கட்டினார்கள் தெரியுமா? ராஜாவும் இல்லை, பிரபுவும் இல்லை. 12ஆம் நூற்றாண்டில், இந்தப் பகுதியை அப்போது ஆண்ட ஹங்கேரி அரசன் இரண்டாம் கெசா எல்லையைக் காக்கக் கூட்டிவந்து குடியேற்றிய ஜெர்மானியர்கள், சாக்ஸன்கள் என்பார்கள். குடியானவர்கள். 1241இல் மங்கோலியர் வந்து நாசம் செய்தார்கள், அப்புறம் துருக்கியர் படையெடுப்புகள். ஓடி ஒளியப் பிரபுவின் கோட்டை கிடையாது. ஊரில் உறுதியான கல் கட்டடம் தேவாலயம் ஒன்றுதான். அதைச் சுற்றியே மதில் எழுப்பிக்கொண்டார்கள். பிரெஷ்மெர் தேவாலயம் 13ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. மதில் 15ஆம் நூற்றாண்டில். அங்கே பல துப்பாக்கிக் குழல்களை ஒரே பலகையில் அடுக்கிய ஆயுதம் ஒன்று உண்டு. ஒரு வரிசை சுடும்போது மற்ற வரிசையில் மருந்து கெட்டித்துக்கொள்ளலாம். பெயர் 'சாவு ஆர்கன்'. ஆர்கன் என்றால் தேவாலயத்தில் வாசிக்கும் குழாய் வாத்தியம்.

இதேபோல மதில் கட்டிய இன்னொரு ஊர் பியெர்தான். அங்கே போனபோது உன் நினைப்புதான். தேவாலயத்தின் பொக்கிஷ அறைக் கதவில் 1515ஆம் வருடத்துப் பூட்டு. ஒரு சாவியைத் திருப்பினால் ஒரு டஜனுக்கும் மேலான தாழ்ப்பாள்கள் ஒன்றாக நகரும். 1900இல் பாரிஸ் கண்காட்சிக்கே கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். ஹாஸ்டலில் உன் டிரங்குப் பெட்டிக்கு இது இருந்திருந்தால் அந்த முறுக்கு டப்பா தப்பித்திருக்கும்!

இதற்காக மட்டும் எழுதவில்லை. அந்த சாக்ஸன்களில் பெரும்பாலானோர் இப்போது இங்கே இல்லை. 1945 ஜனவரியில் இளவயதினரைச் சோவியத் முகாம்களுக்கு வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். ருமேனியாவின் சர்வாதிகாரி சௌஷெஸ்கு காலத்தில் மேற்கு ஜெர்மனி தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்துக் கூட்டிப்போனது. 1989இல் ஆட்சி விழுந்து வழி திறந்ததும் மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலானோர் ஓரிரு வருடத்தில் கிளம்பிவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அத்தனை பட்டவர்கள். ஆனால் இப்படிப்பட்ட தேவாலயங்கள் இன்னும் நூற்றைம்பது வரை நிற்கின்றன. ஓடு மாற்ற ஆள் வேண்டாமா? பிரெஷ்மெரும் பியெர்தானும் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன, பிழைத்துக்கொள்ளும். மற்றவை? 2016 பிப்ரவரியில் ரோட்பாவ் ஊர்த் தேவாலயத்தின் கோபுரம் சரிந்தே விட்டது.

திரும்பும் வழியில் ஒரு சின்ன ஊரில் இறங்கினோம். கதவு பூட்டியிருந்தது. சாவி பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் என்றார்கள். முழங்கை நீளச் சாவியோடு மெல்ல வந்தார். உள்ளே ஆர்கன் பக்கத்தில் மூன்று வாளிகள். மழை பெய்தால் வந்து நகர்த்தி வைப்பாராம். "எனக்கு அப்புறம் யார்?" என்று அவர் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன், அவருடைய மொழியில் தடுமாறி. அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், பதில் சொல்லவில்லை.

ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். தர்ஜியு என்று ஹங்கேரியர் ஊர் ஒன்று. அங்கே இன்றைக்கும் ஊர்க்காரர்கள் புகையூட்டிய பன்றி இறைச்சியையும் தானியத்தையும் தேவாலய மதிலுக்குள்தான் வைக்கிறார்கள். வசந்தத்தில் போகப் போகிறோம். நீ விடுமுறையை மார்ச்சில் வீணாக்காமல் மே மாதத்துக்குத் தள்ளிவைத்து வா.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்ததா? உடனே எழுது.

நேற்று ராத்திரி முழுக்க இங்கே மழை. மூன்று மணிக்கு விழித்தவள் அப்புறம் தூங்கவில்லை. அந்தப் பாட்டி இருட்டில் எழுந்து போயிருப்பாரா என்றே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

உன்
மலர்