பிடித்த மெஸ்ஸை விட்டேன்

ஆசிரியருக்கு வணக்கம்.

15 வருடமாக எனக்குக் காலைச் சாப்பாடு ஒரே மெஸ்ஸில்தான். அந்த ரவா தோசைக்கும் கார சட்னிக்கும் மதுரையில் வேறெங்கும் ஈடு கிடையாது. போன மாதம் அங்கே மேசை துடைத்த பையனிடம் வயதைக் கேட்டேன். பன்னிரண்டாம். முதலாளியிடம் பேசினேன். "ஊர்ப் பையன் சார், வீட்டுல கஷ்டம்" என்றார். கஷ்டம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 14 வயதுக்குட்பட்டவர்களை ஓட்டல் வேலைக்கு வைக்க 2006 முதலே தடை இருக்கிறதே! என் மகளுக்கும் அதே வயதுதான். அன்று தோசை இறங்கவில்லை. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்துச் சொன்னேன். அப்புறம் அந்தப் படி ஏறவில்லை. தொழிலாளர் துறையினர் காலை 6 மணிக்கே ஓட்டல்களில் சோதனை நடத்த வேண்டும்.

- ஒரு வாசகர், மதுரை