‘மொத்த பேட்டரியையும் மாத்தணும்’ என்று சொல்வதற்கு முன்: ஹைபிரிட் கார் சர்வீஸ் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையில் ஹைபிரிட் கார் விற்று சர்வீஸ் செய்யும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

2010இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா பிரியஸ், 2013இல் வந்த டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் போன்ற வண்டிகளின் முதல் தலைமுறை உரிமையாளர்களுக்கு வாரண்டி முடிந்து வெகுகாலம் ஆயிற்று. இன்ஜினும் பாடியும் நன்றாகவே இருக்கும். ஒருநாள் டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் எரியும், ஸ்கேனரில் ‘பி0ஏ80’ என்ற கோளாறுக் குறியீடு வரும். பல சர்வீஸ் சென்டர்களில் அதற்கு ஒரே பதில்தான்: முழு பேட்டரி பேக்கையும் மாற்ற வேண்டும். எஸ்டிமேட்டைப் பார்த்ததும் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. தனியார் பட்டறைகளில் இந்த வண்டிகளைப் பார்க்கும் நாங்கள் முதலில் கேட்பது இதுதான். அந்த எஸ்டிமேட்டோடு, பேக்கின் எந்தப் பகுதி (பிளாக்) எவ்வளவு வோல்ட் காட்டியது என்ற தாளையும் கொடுங்கள்.

பிளாக்குகளுக்கு இடையே வித்தியாசம் கூடிவிட்டது என்பதைத்தான் அந்தக் குறியீடு சொல்கிறது. ஏன் கூடியது என்று சொல்வதில்லை. பிரியஸ் பேக்கில் 28 மாட்யூல்கள் வரிசையாக இணைந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 6 நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள், 7.2 வோல்ட், மொத்தம் 201.6 வோல்ட். கேம்ரியில் 34 மாட்யூல், 244.8 வோல்ட். பேட்டரி கம்ப்யூட்டர் இரண்டிரண்டு மாட்யூலை ஒரு பிளாக்காகப் பார்க்கிறது. ஆகவே பிரியஸில் 14 எண்கள், கேம்ரியில் 17. அவ்வளவுதான் அந்தத் தாள்.

அந்த எண்களை வண்டி நிற்கும்போதும், ஏற்றத்தில் இழுக்கும்போதும், பிரேக்கில் சார்ஜ் ஏறும்போதும் என மூன்று முறை எடுத்தால் கோளாறு தானே தெரிந்துவிடும். ஒரு செல் ஷார்ட் ஆகியிருந்தால் அந்த பிளாக் எப்போது பார்த்தாலும் சுமார் 1.2 வோல்ட் குறைவாகவே நிற்கும். கொள்ளளவு குறைந்த மாட்யூல் கொஞ்ச நேரம் மற்றவற்றோடு சேர்ந்து ஓடி, பிறகு சட்டென்று இறங்கும். சார்ஜ் ஏறும்போது எல்லாவற்றுக்கும் முன்னால் ஏறிவிடும். நிற்கும்போது சரியாக இருந்து, கரன்ட் ஓடியதும் அந்தக் கணமே வோல்ட் விழுந்து, நிறுத்தியதும் பழையபடி வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது செல்லை அல்ல, இணைப்பை.

இந்த ஊரில் அது அடிக்கடி வரும் கோளாறு. பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர் பக்கம் கடல் காற்றில் நிற்கும் வண்டியின் பேக்கைத் திறந்தால், மாட்யூல்களை இணைக்கும் பஸ் பார்கள் பச்சை பூத்திருக்கும். ஓரத்து டெர்மினலில் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கும். அது கசிந்து காய்ந்த எலக்ட்ரோலைட். வோல்ட் அளக்கும் மெல்லிய சென்ஸ் ஒயர்களின் முனையும் அரித்திருக்கும். பஸ் பாரை மாற்றி, 8 மிமீ நட்டுகளை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் 5.4 நியூட்டன் மீட்டரில் முடுக்கினால் பல வண்டிகளில் அந்தக் குறியீடு திரும்ப வருவதில்லை. கைக்கணக்கில் முடுக்கினால் டெர்மினல் சுற்றிக்கொள்ளும், நல்ல மாட்யூலும் வீணாகும். பஸ் பார், சென்ஸ் ஒயர், ஃபேன் இவை தனித்தனியாக உங்கள் கவுன்டரில் கிடைக்க வேண்டும்.

ஃபேனைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பின்சீட்டை ஒட்டிய ஜாலி (கிரில்) வழியாகக் கேபினின் காற்றை இழுத்துத்தான் இந்த பேக் குளிர்கிறது. அதில் தூசியும் நாய் முடியும் அடைத்துக்கொண்டால் நடுவிலுள்ள மாட்யூல்கள் வெந்துபோகும். நிக்கல் பேட்டரி சூட்டில் சார்ஜையும் சரியாக வாங்காது. அக்னி நட்சத்திரத்தில் வெயிலில் நின்ற வண்டியை எடுத்து, ஏசி கேபினைக் குளிர்விக்கும் முன்பே போக்குவரத்தில் நுழைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். எனவே ஃபேனைக் கழற்றிச் சுத்தம் செய்வதை, சென்னை வண்டிகளுக்காவது, ஆண்டு சர்வீஸில் கட்டாயமாக்குங்கள். டெலிவரி கொடுக்கும்போதே இன்னொன்றும் சொல்லி அனுப்புங்கள்: சிக்னலில் ஏசி ஓட ‘என்’ (நியூட்ரல்) கியரில் போட்டு நிற்காதீர்கள், அதில் பேட்டரி சார்ஜ் ஆகாது.

இனி, உண்மையிலேயே செல் போன வண்டிகள். செத்த ஒரு மாட்யூலை மட்டும் எடுத்துவிட்டு வேறொன்றைச் செருகும் வேலையை நாங்களும் ஆதரிக்கவில்லை. மற்றவற்றை அளக்காமல் செருகியது அவற்றோடு ஒத்துப்போகாது, சில மாதங்களில் பக்கத்து மாட்யூல் போகும். செய்வதென்றால் முழுதாகச் செய்ய வேண்டும். பேக்கின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி 10 நிமிடம் பொறுத்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்து, 1000 வோல்ட் கையுறையோடுதான் கவரைத் திறக்க வேண்டும். எல்லா மாட்யூலையும் பலகைகளுக்கு நடுவே இறுக்கி வைத்துத்தான் சார்ஜ் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் வயிறு ஊதிவிடும். மும்முறை ஏற்றி, 6 வோல்ட் வரை இறக்கி, ஒவ்வொன்றும் அதன் முழுக் கொள்ளளவான 6.5 ஆம்பியர் மணியில் எவ்வளவு தருகிறது என்று எழுத வேண்டும். ஒத்த அளவுள்ளவற்றைச் சேர்த்து, தெம்பானவற்றைச் சூடு அதிகமுள்ள நடுவில் வைக்க வேண்டும். நாள் பிடிக்கும் வேலை. ஆனால் வயதான வண்டியை இன்னும் சில வருடம் ஓட்ட நினைப்பவருக்கு இது நியாயமான வழி. புது மாட்யூல்களைத் தனியாக விற்க நீங்கள் முன்வந்தால் இந்த வேலை இன்னும் உறுதியாக நிற்கும்.

மாட்யூலைத் தனியாக விற்காமல் நீங்கள் கதவைச் சாத்தியதால்தான் மக்கள் பழைய சந்தைக்குப் போகிறார்கள். புதுப்பேட்டையில் கிடைக்கும் பேக் 2015 வெள்ளத்திலோ 2023 மிக்ஜாம் புயல் மழையிலோ மூழ்கிய வண்டியிலிருந்து வந்ததா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. லித்தியம் மாற்றுக் கிட்டுகளும் விற்கிறார்கள். ஒரு பிளாக்கின் இடத்தில் 5 லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள் உட்காரும். வண்டியின் கம்ப்யூட்டரோ நிக்கலின் கணக்கில் சார்ஜை மதிப்பிடுவது. பார்ப்பதும் பிளாக்கின் மொத்த வோல்ட்டை மட்டுமே. ஐந்தில் ஒன்று தன் உச்ச வரம்பான 3.65 வோல்ட்டைத் தாண்டினாலும் அதற்குத் தெரியாது. செல்லுக்குச் செல் கண்காணிக்கும் தனி பிஎம்எஸ் (பேட்டரி மேலாண்மைக் கருவி) இல்லாத கிட்டைப் பின்சீட்டுக்குப் பின்னால் வைத்து ஓட்டக் கூடாது. இதை நீங்கள் வெளிப்படையாக எழுதி ஒட்டினால் அது விளம்பரமல்ல, உயிர்க் காப்பு.

முழு பேக்தான் வேண்டும் என்று முடிவானாலும் பெட்டியில் உற்பத்தித் தேதியைக் காட்டுங்கள். சார்ஜ் இறங்கி நெடுநாள் கோடவுனில் கிடந்த நிக்கல் பேக் புதிது என்ற பெயரில்தான் புதிது.

தனியார் பட்டறைகளுக்கும் உதிரி பாகமும் ஸ்கேனிங் கருவியும் கிடைக்க வேண்டும் என்று 14 கார் நிறுவனங்கள் மீதான வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் 2014இலேயே உத்தரவிட்டது. 2023 தொடக்கத்திலிருந்து டெலிவரியான டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் ஹைபிரிட் வண்டிகளின் 8 வருட பேட்டரி வாரண்டி 2031இலிருந்து முடியத் தொடங்கும். அப்போது வரிசையில் நிற்கப்போவது சில நூறு பேர் அல்ல. அதற்குள் பிளாக் தாளை வழக்கமாக்குங்கள், மாட்யூல் விலைப்பட்டியலை வெளியிடுங்கள். கழற்றிய பழைய பேக்கை நீங்களே வைத்துக்கொண்டால் 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அது எந்த மறுசுழற்சியாளருக்குப் போகிறது, அதற்கு எவ்வளவு கழித்தீர்கள் என்பதைப் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
சென்னைத் தனியார் பட்டறைகளில் ஹைபிரிட் வேலை பார்ப்பவர்கள்