தகுதி உதவித்தொகை: இரண்டு அரசுகள், இரண்டு விதிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேரும் மாணவர்களுக்கு மத்திய அரசு வழங்கும் தகுதி உதவித்தொகையின் விதிகளுள் ஒன்று, அரசுப் பள்ளியில் படித்து நல்ல மதிப்பெண் பெற்ற தமிழ்நாட்டு மாணவர்களுக்கே பாதகமாக அமைந்திருப்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

இந்த உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பவர், தமது தேர்வு வாரியத்தில், தாம் படித்த பிரிவில் தேர்ச்சி பெற்றவர்களுள் முதல் 20 விழுக்காட்டினருக்குள் வந்திருக்க வேண்டும். (80 விழுக்காடு மதிப்பெண் இருந்தாலே போதும் என்று பெற்றோர் பலர் நம்பிக்கொண்டிருப்பது சரியல்ல.) குடும்பத்தின் ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேரப் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். அஞ்சல்வழிப் படிப்புக்கும் பட்டயப் படிப்புக்கும் இது கிடையாது. நாடு முழுவதும் ஆண்டுதோறும் புதிதாக 82,000 பேருக்கு, அவர்களுள் பாதிப்பேர் மாணவியராக, இளநிலைப் படிப்பில் ஆண்டுக்கு ரூ.12,000 வழங்கப்படுகிறது. அடுத்தடுத்த ஆண்டுகளில் புதுப்பிக்க 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகைப்பதிவும் வேண்டும். இவை எவையும் நியாயமற்றவை அல்ல. ஆனால், மாநில அரசின் உதவித்தொகை, கட்டண விலக்கு, கட்டணத்தைத் திருப்பி அளிக்கும் திட்டம் உள்ளிட்ட வேறு எந்த உதவியையும் பெறாதவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இவற்றோடு சேர்ந்து நிற்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்து உயர்கல்வியில் சேரும் மாணவியருக்கு மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப் பெண் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இந்த உதவி இப்போது உண்டு. வேறு கல்வி உதவித்தொகை பெறும் மாணவியரும் புதுமைப் பெண் தொகையைக் கூடுதலாகப் பெறலாம் என்று மாநில அரசு அறிவித்திருக்கிறது. மத்திய அரசின் நிபந்தனையை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டால், அப்படிப் பெறுபவர் தகுதி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவே முடியாது.

இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே மதிப்பெண் பெற்ற இரண்டு மாணவியர் ஒரே கல்லூரியில் பி.எஸ்சி. வகுப்பில் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தனியார் பள்ளியில் படித்த, ரூ.4 லட்சம் வருமானமுள்ள குடும்பத்துப் பெண்ணுக்கு அவருடைய மதிப்பெண்ணுக்காக ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கக்கூடும். அரசுப் பள்ளியில் படித்த விவசாயக் கூலியின் மகளுக்கும் மாதம் ரூ.1,000 வீதம் அதே ரூ.12,000 கிடைக்கிறது. ஆனால் அது, மதிப்பெண் எதுவாயினும் அரசுப் பள்ளியிலிருந்து கல்லூரிக்கு வரும் எல்லா மாணவியருக்கும் உரியது. வாரியத்தின் முதல் 20 விழுக்காட்டினருக்குள் வந்ததற்காக அந்தப் பெண்ணுக்குத் தனியாகக் கிடைத்தது ஒன்றுமில்லை.

பட்டியலின மாணவர்களின் நிலை இன்னும் விசித்திரமானது. மத்திய அரசின் தகுதி உதவித்தொகையில் அவர்களுக்கு 15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும் ஒதுக்கீடு இருக்கிறது. அதே மாணவர்களுள் ரூ.2.5 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்தினர், கல்விக் கட்டணத்தையும் பராமரிப்புப் படியையும் உள்ளடக்கிய, பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புகளுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையைப் பெறுகிறார்கள். ஒதுக்கப்பட்ட இடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால் அதை விட்டுவிட வேண்டும். தனியார் கல்லூரியின் கட்டணத்தை அறிந்த எந்தப் பெற்றோர் அதற்கு உடன்படுவார்? முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகையில் பொறியியல் படிப்பவர்களுக்கும் இதே தடைதான். அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2023 முதல் நடத்தப்படும் முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வில் தேர்வாகும் 500 மாணவரும் 500 மாணவியரும் இளநிலைப் பட்டம் முடியும் வரை கல்வியாண்டுக்கு ரூ.10,000 பெறுகிறார்கள். மாநில அரசு திறமைசாலி என்று தேர்ந்தெடுத்ததே மத்திய அரசின் தகுதி உதவித்தொகைக்குத் தடையாவதை என்னென்பது!

பொதுப்பணம் ஒருவருக்கே இருமுறை போகக் கூடாது என்ற கவலையில்தான் இந்த நிபந்தனை எழுதப்பட்டிருக்கும். கல்விக் கட்டணத்தை இரண்டு அரசுகளிடமிருந்தும் பெறுவதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் கட்டணத்துக்கான உதவி வேறு. விடுதிச் சாப்பாடு, புத்தகம், தேர்வுக் கட்டணம் ஆகியவற்றுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தருவது வேறு. மதிப்பெண்ணுக்கான ஊக்கத்தொகை வேறு. இம்மூன்றையும் ஒன்றாகக் கட்டிப்போடும் நிபந்தனையை மத்தியக் கல்வி அமைச்சகம் திருத்தி, ஒரே கட்டணத்தை இருமுறை பெறுவதை மட்டும் தடுக்கும்படி அமைக்க வேண்டும்.

அந்தத் திருத்தம் வரும்வரை தமிழக உயர்கல்வித் துறையும் சமூக நலத் துறையும் கலந்துபேசி, எந்த உதவியோடு எதைச் சேர்த்துப் பெறலாம், எதைப் பெற்றால் எது தடைபடும் என்பதைத் தெளிவான தமிழில் ஒரே அறிவிப்பாக வெளியிட்டு, கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பத்துடன் மாணவர் கையில் கிடைக்கச் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.