என் தம்பிக்காக ஜெபித்தவர்களுக்கு, அவன் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு,

ஸ்தோத்திரம். தம்பி மறுபடியும் ஒயரிங் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டான். அவன் மனைவியும் பிள்ளைகளும் ஈஸ்டருக்கு முன்பே வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டார்கள். ராத்திரி தூங்குகிறான். இதை எழுதும்போதே கண் நிறைகிறது. ஆலயத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்லத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேர் நம் சபையிலேயே இல்லை. அதனால் இந்த மடல். தம்பியும் அவன் மனைவியும் படித்துப் பார்த்து, "சரி, போடுங்க" என்று சொன்ன பிறகுதான் உங்கள் கைக்கு வருகிறது.

நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். அப்பா இறந்ததும் கிணற்றங்கரை நிலத்தில் எல்லைத் தகராறு வந்தது. பெரியப்பா மகனோடு பேச்சு நின்று, வழக்கு வரை போனது. தம்பி முதலில் சத்தம் போட்டான். அப்புறம் தட்டு பறந்தது, கதவு உடைந்தது. ராத்திரியில் நெஞ்சின் மேல் ஏதோ ஏறி உட்கார்ந்து அமுக்குகிறது என்றான். வாசற்படியில் ஒரு உருவம் நிற்கிறது, இயேசுவே என்று கூப்பிட வாய் திறக்கிறேன், சத்தம் வரமாட்டேன் என்கிறது என்று சொல்லி அழுதான். தேவன் உன்னைத் தள்ளிவிட்டார் என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கிறது என்றான். பயத்தினால் தூங்காமல் கிடப்பான். தூங்காததால் விடிந்ததும் கோபம் இன்னும் ஏறும்.

நம் பக்கத்தில் இதற்கெல்லாம் பதில் தயாராக இருக்கும். செய்வினை, ஏவல், முன்னோர் சாபம். வெளியூரிலிருந்து வந்த ஊழியர் ஒருவர் முற்றத்தில் ஏதோ புதைத்திருக்கிறது என்றார். தம்பியின் தலையை அழுத்திப் பிடித்து நெடுநேரம் அதட்டினார். மாத்திரை மருந்து என்று போனால் விசுவாசக் குறைவு என்றும் சொன்னார். அன்று ராத்திரி தம்பி பட்ட பாட்டை நான் எழுதப் போவதில்லை.

முதல் நன்றி நம் சபைப் போதகரான சேகரகுரு ஐயாவுக்கு.

ஐயா வந்த அன்று பிசாசைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. திண்ணையில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, "கடைசியா எப்போ நல்லாத் தூங்கினீங்க தம்பி? காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். தம்பி உபவாசம் இருப்பதாகச் சொன்னான். இந்தச் சாதிப் பிசாசு போக ஜெபமும் உபவாசமும் வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஐயா தலையை ஆட்டிவிட்டு வேதத்தைத் திறந்து 1 இராஜாக்கள் 19-ஐ வாசித்தார். சூரைச்செடியின் கீழ் படுத்து, நான் சாக வேண்டும் என்று கேட்ட எலியாவுக்குக் கர்த்தர் பிரசங்கம் பண்ணவில்லை. தூதனை அனுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் படுக்க விட்டார். "உபவாசத்தை நாங்க பார்த்துக்கிடுதோம். நீங்க சாப்பிடுங்க" என்றார் ஐயா.

அப்படியே நடந்தது. பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார், அத்தைமார் எல்லாரும் வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருந்தீர்கள். நீங்கள் பசியோடு இருந்துகொண்டு என் தம்பிக்குச் சோறு கொண்டுவந்தீர்கள். ஒரு வாரம் சொதி, ஒரு வாரம் கஞ்சியும் பயறுத் துவையலும். வெறும் வயிற்றோடு நிற்கிறவர்கள் கையால் வாங்கிச் சாப்பிட்டதை அவன் இன்றைக்கும் சொல்கிறான். ஒருவராவது அவனிடம் "இப்போ எப்படி இருக்கு, போயிட்டுதா?" என்று கேட்கவில்லை. அதற்கும் சேர்த்தே நன்றி.

பிசாசு என்று ஒன்று இல்லை என்று ஐயா ஒருநாளும் சொல்லவில்லை. அதை இங்கே எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் அவர் மேல் அப்படி ஒரு பேச்சு கிளம்பியது. அவர் யாக்கோபு 4:7-ஐ முழுசாக வாசிக்கச் சொன்னார். "தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள், பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள், அப்பொழுது அவன் உங்களைவிட்டு ஓடிப்போவான்." நாம் பின்பாதியை மட்டும் சத்தமாகச் சொல்லிப் பழகிவிட்டோம் என்றார். அவர் இயேசுவின் நாமத்தில் தீய ஆவிகளை எதிர்த்து ஜெபித்தபோது குரலை உயர்த்தவில்லை. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவன் பெயரைச் சொல்லி, அவனுக்குக் கேட்கும்படி ஜெபித்தார். கதரேனர் நாட்டில் பிசாசு பிடித்திருந்தவனிடம் ஆண்டவர் பெயரைக் கேட்டார், சுகமான பின்பு அவனை அவன் வீட்டாரிடத்துக்கே அனுப்பினார் என்று அந்தப் பகுதியையும் வாசித்துக் காட்டினார். முதலிலும் கடைசியிலும் ஆண்டவர் பார்த்தது ஒரு மனுஷனை என்பதுதான் நான் அவரிடமிருந்து கற்றுக்கொண்டது.

கோபத்தைப் பற்றியும் ஐயா அவசரப்படவில்லை. மன்னித்துவிடு என்று முதல் நாளே சொன்ன பலர் உண்டு. ஐயா காயீனிடம் தேவன் கேட்ட கேள்வியிலிருந்து ஆரம்பித்தார்: "உனக்கு ஏன் எரிச்சல் உண்டாயிற்று?" கொலை நடப்பதற்கு முன்பே தேவன் வந்து பேசுகிறார். கோபத்தில் நிற்கிறவனை விட்டு அவர் விலகிப் போகவில்லை. அந்த இடத்தில்தான் "பாவம் வாசற்படியில் படுத்திருக்கும்" என்றும் வருகிறது. வாசற்படியில் உருவத்தைப் பார்த்துப் பார்த்துப் பயந்தவன் தம்பி. அந்த வசனத்தை வாசித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தான்.

பிறகு சங்கீதம் 88-ஐயும் 109-ஐயும் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொன்னார். 109-ல் தாவீது தன் எதிராளியைப் பற்றிச் சொல்லுகிற வார்த்தைகள் கடுமையானவை. பெரியப்பா மகனை மனதில் வைத்துத்தான் தம்பி அதை வாசித்தான், எங்கள் எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்குத் தாங்கவில்லை. ஆனால் ஐயா, அந்த நெருப்பை மனுஷன் மேல் கொட்டுவதைவிடக் கர்த்தர் முன் கொட்டட்டும் என்று விட்டுவிட்டார். அன்றைக்கு அவன் எதையும் உடைக்கவில்லை.

தினமும் செய்ய ஒரே ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தார். எபேசியர் 4:26-ல் "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்றும், அடுத்த வசனத்தில் "பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள்" என்றும் இருக்கிறது. அதனால் வெளிச்சம் போகும் முன் முற்றத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு எது எரிச்சல் மூட்டியது என்று ஒளிக்காமல் கர்த்தரிடம் சொல்ல வேண்டும். அப்புறம் நாலாம் சங்கீதம். கடைசியாக ஐயா தன் கையால் எழுதிக் கொடுத்த ஜெபம். பலர் அதைக் கேட்டீர்கள், இதோ:

"கர்த்தாவே, இன்று எனக்குக் கோபம் வந்தது, அதை உமக்கு மறைக்க மாட்டேன். எனக்கு நடந்த அநியாயம் உமக்குத் தெரியும், நீரே நியாயம் தீர்த்தருளும். என் வாயையும் என் கைகளையும் காத்துக்கொள்ளும். நான் தள்ளுண்டவன் என்று சொல்லுகிற குரல் உம்முடைய குரல் அல்ல, அது அடங்கட்டும். சிலுவையில் எனக்காக இரத்தம் சிந்தின இயேசுவே, இந்த ராத்திரியில் என் அருகில் இரும். என் வீட்டாரை என்னாலே பயப்படாதபடி காத்தருளும். ஆமென்."

கடைசி வாக்கியத்துக்கு முந்தினதைப் படித்தபோது அது தம்பிக்காக என்று நினைத்தேன். அதற்கடுத்ததைப் படித்தபோது ஐயா பிள்ளைகளையும் மறக்கவில்லை என்று புரிந்தது.

அடுத்த நன்றி, அரசு மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் சபை அக்காவுக்கு. "வாங்க, ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி, ஓபி சீட்டு போடுவதிலிருந்து கூடவே நின்றீர்கள். மனநலப் பிரிவு டாக்டர் தம்பி சொன்னதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. கனவு வருகிற தூக்கத்தில் உடம்பின் தசைகள் அசையாமல் கட்டுண்டிருக்கும், அந்தக் கட்டு அவிழும் முன் மனசு விழித்துக்கொண்டால் கை கால் அசையாது, சத்தம் வராது, நெஞ்சு அமுங்கும், அறையில் யாரோ நிற்பது போலத் தோன்றும் என்று விளக்கினார். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம் வருமாம். பலருக்கும் வருவதுதான், நீங்கள் பைத்தியம் இல்லை என்றார். அந்தக் குரலுக்கும், அடக்க முடியாத எரிச்சலுக்கும் மனச்சோர்வுதான் காரணம் என்று மாத்திரை கொடுத்தார். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார், சாயங்காலத்துக்கு மேல் டீ வேண்டாம் என்றார். ஐயா அந்த மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்தோத்திரம் சொல்லி ஜெபித்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மருந்தா ஜெபமா என்ற பேச்சே எழவில்லை.

பக்கத்து வீட்டு வாத்தியாருக்கு. ஐயா, நீங்கள் கத்தோலிக்க சபை, நாங்கள் சி.எஸ்.ஐ. என்ற தென்னிந்தியத் திருச்சபை. ஆனால் அன்றைக்கு எங்கள் சொந்தக்காரர்களே தம்பியைக் கட்டி ஒரு ஜெப வீட்டில் கொண்டுபோய் விடலாம் என்று வேன் பேசியபோது, வாசலில் நின்று மறித்தது நீங்கள்தான். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் மனநலம் பாதித்தவர்களை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிக் கிடந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்ததை எடுத்துச் சொன்னீர்கள். மனநலம் பாதித்த யாரையும் சங்கிலியில் கட்டக்கூடாது என்று 2017-ஆம் வருஷச் சட்டமே சொல்கிறது என்றீர்கள். உங்கள் திருச்சபையில் ஆயரின், அதாவது பிஷப்பின், அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கு செய்ய முடியாது, அதற்கு முன் நோயா என்று பார்க்க வேண்டும் என்றும் விளக்கினீர்கள். வந்த வேன் திரும்பிப் போனது. அந்த ஒரு காலை நேரத்துக்கு எங்கள் குடும்பம் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

சேகரகுரு ஐயாவின் மனைவி ஐயரம்மாவுக்கு நான் நேரில் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். தம்பி மனைவி பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குப் போனபோது, புருஷனை விட்டுப் போனவள் என்று ஊரே பேசியது. நீங்கள் அவள் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, "அடி வாங்கிக்கிட்டுத்தான் ஜெபிக்கணும்னு வேதத்தில எங்கேயும் இல்ல. அங்க இருந்தே ஜெபி" என்றீர்கள். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடலாம் என்று எழுதிக் கொடுத்தீர்கள். அவள் தூரத்தில் இருந்ததால்தான் பிள்ளைகள் மனதில் அப்பாவைப் பற்றி மிச்சம் ஏதோ நல்லது இருந்தது. அவன் திருந்தி வந்ததும் அவர்கள் பயமில்லாமல் மடியில் ஏற முடிந்தது. அவள் திரும்பி வரும் நாளையும் அவளே முடிவு செய்யட்டும் என்று எல்லாரையும் வாயடைத்தீர்கள் பாருங்கள், அதை மறக்கவே மாட்டேன்.

வாலிபர் சங்கத் தம்பிகளே, ராத்திரி பத்து மணிக்கு மேல் முறை வைத்து வந்து, கிரிக்கெட் பேசி, அவன் தூங்கிய பிறகு சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனீர்கள். உங்களில் யாரும் அவனுக்குப் புத்தி சொல்லவில்லை. சொன்னவர்கள் அவனுக்கு ஏற்கெனவே நிறைய இருந்தார்கள்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மாத்திரை இன்னும் தொடர்கிறது, டாக்டர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது. வழக்கு நடக்கிறது. பெரியப்பா மகனும் இவனும் கிணற்றங்கரையில் எதிர்ப்பட்டால் இன்னும் ஒதுங்கித்தான் போகிறார்கள். ஆனால் சாயங்கால ஜெபத்தில் தம்பி இப்போது அந்த அண்ணன் பெயரையும் சொல்கிறான். என்ன சொல்லி ஜெபிக்கிறான் என்று நான் கேட்டதில்லை.

உங்கள் தெருவிலோ சொந்தத்திலோ இப்படி யாராவது தவித்துக்கொண்டிருந்தால் எங்களுக்குச் சொல்லியனுப்புங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. ஹைகிரவுண்டுக்குப் போவதென்றால் தம்பியே கூட வருகிறேன் என்கிறான். சாப்பாடு நாங்கள் கொண்டுவருகிறோம். வெள்ளிக்கிழமை உபவாசத்துக்கு நானும் பெயர் கொடுத்துவிட்டேன்.

கர்த்தர் உங்கள் ஒவ்வொருவரையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரி